இருபது அங்குலம்

வெஸ்ட் ஃபோர்க், அயோவா
11 ஏப்ரல் 1976

அன்புள்ள ஆர்டித் அக்காவுக்கு,

நலம். உன் நலம் அறிய ஆவல். போனிலேயே சொல்லியிருப்பேன், நம் லைன் ஐந்து வீட்டுக்குப் பொது, எடுத்தால் எல்லோரும் ஒட்டுக் கேட்பார்கள் என்பதால் இந்தக் கடிதம்.

அப்பாவின் பழைய டிராக்டருக்கு மறுபிறப்பு! நாலு சிலிண்டர் எஞ்சினைக் கழற்றிவிட்டு, பள்ளத்தில் கவிழ்ந்து கிடந்த சோள லாரியின் எட்டு சிலிண்டர் எஞ்சினை ஏற்றிவிட்டேன். கியர்பாக்ஸோடு இணைக்க நடுவில் ஒரு இரும்புத் தகடு கடைந்தேன். மூன்று தடவை சொதப்பி, நாலாவது கச்சிதமாக உட்கார்ந்தது. பாரம் தூக்கும் ஹைட்ராலிக் பம்பும் வைத்தாயிற்று. "அந்த எஞ்சினையே கட்டிக்கிட்டுக் குடும்பம் நடத்துங்க" என்கிறாள் என் வீட்டுக்காரி ஜோயிஸ்.

ஆகஸ்ட் கண்காட்சியில் டிராக்டர்கள் பாரவண்டியை இழுக்கும் இழுவைப் போட்டிக்கு, இந்த வருஷமும் நீதானே வண்டிகளை அளந்து பார்க்கிறாய்? பதினோரு வருஷமாக இரண்டாம் இடம். இந்த வருஷம் பார்.

உன் தம்பி,
டெல்மர்

19 ஏப்ரல்

அன்புத் தம்பி,

எஞ்சின் சரி. ஹைட்ராலிக் எதற்கு? போட்டி வண்டியில் கலப்பையா மாட்டப்போகிறாய்?

இதே போட்டியில் நம் ஊர் எம்மெட்டின் வண்டி முன்சக்கரம் எழும்பிப் பின்பக்கமாகக் கவிழ்ந்தபோது, பத்தடி தூரத்தில் அளவு நாடாவோடு நின்றவள் நான். அவன் மனைவி ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இன்றைக்கும் எஞ்சின் உறுமினால் என் கண் முதலில் முன்சக்கரத்தைத்தான் பார்க்கிறது. என்னிடம் மறைக்காதே.

ஆர்டித்

30 மே

அக்கா,

உன்னிடம் மட்டும் சொல்கிறேன். இழுவைக் கொக்கி தரையிலிருந்து இருபது அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. நீ அளக்கும்போது என் கொக்கி சரியாக இருபதில் இருக்கும். பாரவண்டியின் சங்கிலி இறுகிய பிறகு, இருக்கைக்கு அடியில் ஒரு லீவரை அழுத்தினால் ஹைட்ராலிக் அதை நாலு அங்குலம் ஏற்றும். கொக்கி ஏறினால் பாரமெல்லாம் பின்சக்கரத்தில் உட்காரும், சக்கரம் மண்ணைக் கவ்விக்கொள்ளும்.

வயலில் ஓட்டிப் பார்த்தேன். முன்பக்கம் எழும்பியது. வானத்தைத் தவிர எதுவும் தெரியவில்லை. கிளட்ச்சைக் கால் தேடுகிறது, கிடைக்கவில்லை. என் அதிர்ஷ்டம், வண்டி தானாக இறங்கியது. ஆனாலும் கழற்ற மனசு வரவில்லை, அக்கா. ஜோயிஸுக்குத் தெரியாது.

டெல்மர்

6 ஜூன்

தம்பி,

கழற்றிவிடு. உன் காலில் விழுந்து கேட்கிறேன். அந்த லீவரோடு நீ வந்து நின்றால், ஊரே பார்க்க "வண்டியத் தள்ளுங்கடா வெளிய" என்று சொல்லத்தான் போகிறேன்.

ஆர்டித்

2 ஜூலை

சொல்லிப் பார். அன்றோடு எனக்கு அக்கா கிடையாது.

டெல்மர்

22 ஆகஸ்ட்

அன்புத் தம்பி டெல்மருக்கு,

போட்டியன்று நாடாவோடு உன் வண்டிக்குப் பின்னால் குனிந்தேன். நீ திரும்பிப் பார்த்து, "எழுதிக்கோக்கா, இருபது" என்றாய். உன் உதடு வெளுத்திருந்தது. இருபதுதான் காட்டியது. நீ செத்துப்போவாயோ என்ற பயத்தைவிட, என்னோடு பேசாமல் போய்விடுவாயோ என்ற பயம் அந்த நேரத்தில் பெரிதாகிவிட்டது. அளவுத் தாளில் கையெழுத்துப் போட்டேன். எழுதவே கூசுகிறது.

உன் முன்சக்கரம் எழும்பியதும் கண்ணை மூடிக்கொண்டேன். கூட்டம் கத்தியது. எதற்குக் கத்துகிறார்கள் என்று தெரியாமல் நின்றேனே, அந்த நிமிஷம் என் எதிரிக்கும் வரக் கூடாது. பிறகு ஒலிபெருக்கியில் உன் பெயர், முதல் இடம். நீ ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாய். உன் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. "அடுத்த மாசம் மாநிலப் போட்டி இருக்குக்கா. இன்னும் ரெண்டு அங்குலம் ஏத்தப்போறேன்" என்று காதில் சொன்னாய்.

நேற்று போட்டிக் குழுவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உன் லீவரையும் சொன்னேன், தெரிந்தே நான் போட்ட கையெழுத்தையும் சொன்னேன். இனி எந்தப் போட்டியிலும் என்னை அளக்க விடமாட்டார்கள், உன்னை வண்டி ஓட்ட விடமாட்டார்கள். செவ்வாய்க்கிழமை காலை வெற்றிக் கோப்பையைத் திரும்ப வாங்க உன் வீட்டுக்கு வருகிறார்கள். நானும் கூட வருகிறேன்.

நீ வெளியே வர வேண்டாம். கோப்பையை ஜோயிஸிடம் கொடுத்தனுப்பு. உள்ளேயிருந்து என்னைத் திட்டு, வாய்க்கு வந்தபடி திட்டு. உன் குரல் வாசல் வரை கேட்டால் போதும்.

ஆர்டித்