பிறை பார்த்துப் போட்ட ரீசார்ஜ்

786

ஏரல்
12.4.2026

அன்பு மகள் நஃபீஸத்துக்கும் மருமகன் சுஹைலுக்கும் வாப்பா ஹசன் அலி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, முழங்கால் மட்டும் தன் இஷ்டத்துக்கு நடந்துகொள்கிறது. தம்மாமில் நீங்கள் இருவரும் சுகமாக இருக்க ஐந்து நேரத் தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். பக்கத்துத் தெரு ஷேக் மைதீன் லீவு முடிந்து வியாழக்கிழமை அங்கே திரும்புகிறான், பெட்டியில் மூன்று கிலோவுக்கு இடம் இருக்கிறது என்று அவனே வந்து சொன்னான். இரண்டே முக்கால் கிலோவுக்குக் கருப்பட்டியும் உளுந்தம் மாவும் கட்டிவிட்டேன், மீதி இடத்தில் இந்தக் கடிதம். போனில் சொல்லவும் மூன்று தடவை முயன்று பார்த்தேன், வாய் வரவில்லை. நீ அழைத்ததும் சாப்பிட்டீங்களா என்பாய், ஆமாம் என்பேன், அதற்குள் படம் நின்றுவிடும், நான் வாயைப் பாதி திறந்தபடி உனக்குத் தெரிவேன், அப்புறம் கேக்குதா, கேக்குதா என்றே பத்து நிமிஷம் போய்விடும். அந்த இன்டர்நெட் லைன் விஷயமாக உன்னிடம் நான் மறைத்த ஒன்று இருக்கிறது. அதை ஒரே மூச்சில் சொன்னால்தான் உண்டு. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்து, சாப்பிட்டு முடித்து, உட்கார்ந்து படி.

ஜூலை லீவுக்கு வர முடியாது, டிக்கெட்டுக்கு வைத்த பணம் பெருநாளோடு போய்விட்டது, கையில் இருக்கிற மீதியில் வீட்டுக்கு நல்ல லைனாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், தினமும் முகம் பார்த்துப் பேசலாம் என்று சொன்னாய். எது மலிவு, எது உறுதி என்று விசாரிக்கவும் சொன்னாய். நாற்பது வருஷம் ஜவுளிக்கடை நடத்தியவனிடம் சொல்லிவிட்டாய், விடுவேனா. மூன்று வாரமாக பஜாரில் நான் ஏறி இறங்காத கடை இல்லை. இப்போது போனில் போடுவது முன்னூற்று நாற்பத்தொன்பது ரூபாய், தினம் இரண்டு ஜி.பி. எனக்கு அது எதற்கு? காலையில் செய்தி, மத்தியானம் லுஹர் தொழுத பிறகு ஒரு மார்க்கப் பயான், அப்புறம் உன் அழைப்பு, அவ்வளவுதான். மிச்சமெல்லாம் அன்றன்றைக்கே செத்துப்போகிறது. துணியில் துண்டு விழுந்தால் தலையணை உறையாவது தைக்கலாம், இதில் மிச்சத்துக்கு ஒரு காசு மதிப்பு கிடையாது. இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை என்பதால் வருஷத்துக்குப் பன்னிரண்டு தடவை இல்லை, பதின்மூன்று தடவை, நாலாயிரத்து ஐந்நூறைத் தாண்டிவிடும். அவ்வளவு கொடுத்தும் வீட்டுக்குள் டவர் வராது, பதினாறு படி ஏறி மாடியில் தண்ணீர்த் தொட்டி பக்கம் நின்றால்தான் உன் முகம் அசையும். காற்றிலேயே நெட் வரும் பெட்டி ஒன்று இருக்கிறது, கம்பி வேண்டாம், சொருகினால் போதும் என்று திருச்செந்தூர் ரோட்டுக் கடைக்காரர் ஒருவர் கொண்டுவந்து மாட்டிக் காட்டினார். மாசம் வரியோடு எழுநூற்று ஏழு ரூபாய். கூடத்தில் வைத்தால் சிவப்பு விளக்கு, அடுப்படியில் வைத்தால் சிவப்பு, கடைசியில் உன் உம்மாவின் பீரோ மேல் வைத்ததும் பச்சை எரிந்தது. அவள் இருந்த காலத்திலும் அந்தப் பீரோ பக்கம் போய் நின்றால்தான் இந்த வீட்டில் காரியம் நடக்கும். ஆனால் கால் மணி நேரத்தில் அதுவும் சிவந்துவிட்டது, கொண்டுவந்தவர் தென்னை மரங்களைக் குறை சொல்லிக்கொண்டே பெட்டியைக் கழற்றிக்கொண்டு போனார்.

மிச்சம் இருப்பது கம்பி லைன்தான், நம் கேபிள்காரன் மணிராஜ் கொடுப்பது. அவன் கம்பி கரண்டு கம்பத்தில் தொங்கி நம் தெரு முனை வரைக்கும் ஏற்கெனவே வந்துவிட்டது. போன மாசம் வாழைத்தார் லாரி ஒன்று அதை அறுத்துப் போட்டுவிட்டதே என்று கேட்டேன். அதுக்கு நான் என்ன செய்ய அண்ணாச்சி, தார் ஏத்துன லாரிக்காரன் மேல பாக்கவே மாட்டேங்கான், அறுந்தா அன்னைக்கே கட்டித் தாரேன் என்றான். அன்றைக்கே கட்டித் தருகிறவன்தான், அதை நானே பார்த்திருக்கிறேன். மாசாமாசம் கட்டினால் வரியோடு நானூற்று எழுபத்தொன்று, பெட்டிக்குத் தனியாக ஆயிரத்து ஐந்நூறு. ஒரு வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டினால் பத்து மாசக் காசுதான், நாலாயிரத்து எழுநூற்றுச் சொச்சம், பெட்டியும் சும்மா. லைன் வந்தாலும் போன் நம்பர் உயிரோடு இருக்க வேண்டும், அதற்குப் பேச மட்டும் ஒரு சின்ன ரீசார்ஜ் மூன்று மாசத்துக்கு ஒருமுறை போட வேண்டும். எப்படிப் பார்த்தாலும் வருஷக் கட்டணம்தான் லாபம், நீயும் அதையே கட்டச் சொன்னாய்.

கூடத்தில் ஒரு கேமராவும் மாட்டச் சொன்னாய். அது மட்டும் வேண்டாம் மகளே. அதில் நீ என்ன பார்ப்பாய் என்று ஒரு நாள் முழுக்க யோசித்துப் பார்த்தேன். பஜ்ர் தொழுதுவிட்டு வந்து ஒருவன் டீ போடுவான், பத்து மணிக்கு ஒரு டம்ளர் அரிசி களைவான், அதிலும் பாதி மிஞ்சும். சாயங்காலம் அசர் தொழுத பிறகு வாசல் கதவைத் திறந்து வைத்து நாற்காலியில் உட்காருவான். யாரும் வர மாட்டார்கள். மக்ரிப் தொழுகைக்கு எழுந்து போவான். கடை இருந்த காலத்தில் வாங்காதவர்கூட வந்து பத்து நிமிஷம் பேசிவிட்டுப் போவார், கடையை மூடிய பிறகு எனக்கு சலாம் சொல்கிறவர்கள் எல்லாம் நடந்துகொண்டே சொல்லிவிட்டுப் போகிறார்கள். இதை நடத்துவது எனக்கு ஒரு கஷ்டம், இதை நீ உட்கார்ந்து பார்ப்பது இன்னொரு கஷ்டம். தனியாக இருக்கிறேன் என்று உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. இருக்கிறேன். உம்மா மவுத்தாகி ஆறு வருஷத்தில் இந்த வீட்டில் சத்தமாகப் பேசியது டி.வி. ஒன்றுதான்.

சரி, மறைத்ததைச் சொல்கிறேன். நான் ரீசார்ஜைப் பிறை பார்த்துப் போடுகிறவன். சகாத்து தர்மம் கொடுக்கவும் பிறைக் கணக்கு, உம்மாவின் நினைவு நாளுக்கு ஓதும் வருஷ பாத்திஹாவுக்கும் பிறைக் கணக்கு, வேறு மாசம் எதுவும் என் தலையில் நிற்காது. தலைப்பிறை தெரிந்த சாயங்காலம் பஸ் நிலையம் பக்கம் போவேன், அங்கே ரீசார்ஜ் கடை வைத்திருக்கும் சாலோமியை உனக்குத்தான் தெரியுமே, அவளிடம் பணம் கொடுத்துவிட்டு வருவேன். பிறை மாசத்துக்கு இருபத்தொன்பது நாள் அல்லது முப்பது நாள், கம்பெனிக்காரன் கொடுப்பது இருபத்தெட்டு. ஒவ்வொரு மாசக் கடைசியிலும் ஓரிரண்டு நாள் நெட் நின்றுவிடும், எனக்கு அது டவர் கோளாறு என்றே எண்ணம். போன வருஷம் சாலோமிதான் கண்டுபிடித்துச் சிரித்தாள். அண்ணாச்சி, இது இருவத்தெட்டு நாளுதான், ஒங்க பெறை தெரியுத வரைக்கும் அவன் காத்துக்கிட்டா இருப்பான் என்றாள். அன்றைக்கே மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை. ஏனென்றால் அதற்குள் வேறொன்றைக் கவனித்திருந்தேன். மற்ற நாட்களில் நீ பேசுவது நாலு நிமிஷம், வேலைக்கும் சமையலுக்கும் நடுவில், அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் இரண்டு நாள் நான் கிடைக்காமல் போய் மூன்றாம் நாள் கிடைத்தால் ஒரு மணி நேரம் பேசுவாய், திட்டுவாய், மாத்திரையைக் கேமராவில் காட்டச் சொல்வாய், உம்மாவைப் பற்றிப் பேசுவாய். எனக்கு அது போதும்போல் இருந்தது.

வெள்ளம்தான் முதலில் இந்தப் புத்தியைக் கொடுத்தது. இரண்டு வருஷம் முன்னே மார்கழியில் ஆறு ஊருக்குள் வந்து, கரண்டும் டவரும் இல்லாமல் நாலு நாள் மாடியில் கிடந்தேன். ஐந்தாம் நாள் காலையில் சேற்றில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நீ வந்து நின்றாய். திருவனந்தபுரத்தில் இறங்கி, கிடைத்த வண்டியில் எல்லாம் ஏறி, கடைசி ஐந்து கிலோமீட்டரை நடந்தே வந்திருந்தாய். பத்தொன்பது நாள் இருந்தாய். அதற்குப் பிறகு நீ வரவே இல்லை. கடைச் சரக்கு முழுக்கச் சேறாகி அதோடு கடையையே மூடினேன், ஊரே அந்த வெள்ளத்தைச் சபிக்கிறது, நானும் சபிக்க வேண்டியவன்தான். என் வாயில் சாபம் வரவில்லை. போன் செத்தால் என் பிள்ளை என்னைத் தேடுவாள் என்று மட்டும் மனசில் பதிந்துவிட்டது. ஆகவே இந்த ஒரு வருஷமாகத் தெரிந்தேதான் பிறைக் கணக்கில் போட்டேன். இருபத்தெட்டு நாள் முடிந்ததும் போனையே அணைத்து பீரோவில் வைத்துவிடுவேன். கேட்டால் டவர் இல்லை என்பேன். அது பொய்.

இந்த நோன்புக்கும் தலைப்பிறை அன்றே போட்டேன், இருபத்தெட்டாம் நோன்பு அன்று நின்றுவிட்டது. போனை அணைத்து வைத்தேன். நோன்பு முப்பதும் முழுதாக வந்ததால் வழக்கமான இரண்டு நாள் மூன்றாகிவிட்டது. உங்களுக்கு ஒரு நாள் முன்னே பெருநாள், காலையிலிருந்து நீ அழைத்துக்கொண்டே இருந்திருக்கிறாய், எனக்குத் தெரியாது. சாயங்காலம் இங்கே பிறை பார்த்துவிட்டு ரீசார்ஜ் போடப் போனால் சாலோமி கடை பூட்டிக் கிடந்தது, தங்கை வீட்டு விசேஷத்துக்கு மணப்பாடு போயிருந்தாள். வேறு கடையில் போட்டிருக்கலாம். ஒரு நாள் கூடத்தான் இருக்கட்டுமே, பெருநாள் அன்று நிறையப் பேசுவாள் என்று வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். மறுநாள் தொழுதுவிட்டு வந்து வாசலில் நிற்கிறேன், சாலோமி பஸ்ஸிலிருந்து இறங்கிய பையோடு ஓடி வருகிறாள், நான் கிடைக்காமல் நீ அவளுக்குப் போன் போட்டிருக்கிறாய். ஒங்களுக்கு என்னவோ ஆயிட்டுன்னு அங்கன அந்தப் புள்ள அழுது துடிக்கி, நீங்க இங்கன அத்தர் பூசிக்கிட்டு நிக்கிய என்று தன் போனை என் காதில் வைத்தாள். வாப்பா என்று ஒரு சொல் கேட்டது, அப்புறம் உன் அழுகை மட்டும்தான். அப்போதும் நான் டவர் இல்லை என்றுதான் சொன்னேன், மகளே. மத்தியான விமானத்துக்கு நீ டிக்கெட் போட்டுவிட்டதும், ரத்து செய்ததில் பாதிப் பணம்கூடத் திரும்பாததும், அது ஜூலைக்காக நீ சேர்த்த பணம் என்பதும் பிறகு மருமகன் சொல்லித்தான் தெரியும். ரத்து செய்யாமல் வந்திருக்கலாமே என்று ஒரு நிமிஷம் மனசு சொன்னது, அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். தன்வினை தன்னைச் சுடும் என்பார்கள். உன்னைக் கொஞ்சம் கூடுதலாகப் பேச வைக்கப் போய், நீ வருவதையே நான் கெடுத்துக்கொண்டேன். பெருநாள் அன்று நீ ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை என்று சுஹைல் சொன்னதிலிருந்து எனக்கும் சோறு இறங்கவில்லை. என்னைப் பொருந்திக்கொள், மன்னித்துவிடு.

இனி அப்படி நடக்காது. லைனுக்குப் பணம் கட்டியாகிவிட்டது, செவ்வாய்க்கிழமை மணிராஜ் கம்பியை உள்ளே கொண்டுவருகிறான். ஆனால் நீ சொன்ன வருஷக் கட்டணம் கட்டவில்லை. அதற்கென்றுதான் ஐயாயிரம் ரூபாயைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவன் ஆபீசுக்குப் போனேன். ரசீதை எடுத்துக்கொண்டே அவன், அடுத்த ஏப்ரல் வரைக்கும் ஒங்களுக்குக் கவலையே கெடயாது அண்ணாச்சி, மக மொகத்தப் பாத்துக்கிட்டே இருக்கலாம் என்றான். நல்ல மனசோடு சொன்னதுதான். எனக்குப் பையிலிருந்து கை வெளியே வரவில்லை. இன்னும் ஒரு வருஷத்துக்கு நீ படத்தில்தான் என்று நானே ஒப்புக்கொண்டு முன்பணம் கட்டுவதுபோல் இருந்தது. மாசாமாசம் கட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். துணி வெலையெல்லாம் வெரல் நுனியில வச்சிருந்தவிய, இப்படி ஒரு நட்டக் கணக்குப் போடுதியளே என்று அவன் தலையில் அடித்துக்கொண்டான். இரண்டாயிரத்து நானூறு ரூபாய்க்கு மேல் நட்டம்தான். தெரிந்தே செய்தேன், நீயும் அதற்காக என்னைக் கோபிக்காதே.

உங்கள் இருவருக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளையும் குறையாத வாழ்வாதாரத்தையும், ஒருவருக்கொருவர் ஆறுதலாக இருக்கும் மனசையும் தரட்டும். கருப்பட்டியைக் காற்றுப் படாமல் மூடி வை. இதைப் படித்த கையோடு போன் போடாதே, பேச்சில் நான் எதையாவது சொல்லி மழுப்பிவிடுவேன். கட்டிக் கொடுத்த பெண்ணைக் கூப்பிட்டுத் தொந்தரவு செய்யக் கூடாது என்று நினைத்து, வா என்ற சொல்லை இதுவரை உன்னிடம் நான் சொன்னதே இல்லை. அதை இதில் எழுதிவிடுகிறேன். வா மகளே. ஜூலையில் முடியாவிட்டால் முடிகிற மாசம் வா. இங்கே வெள்ளம் இல்லை, எனக்கு நோய் இல்லை, யாருக்கும் எதுவும் ஆகவில்லை. சும்மா வா.

துஆவோடு,
உன் வாப்பா
ஹசன் அலி