சத்தம் குறைந்துவிட்டது மாப்ளே

என் காதர் மாப்ளே,

நாம் இருவரும் சேர்ந்து கட்டிய குட்டி விமானம் இன்னும் தரையில்தான் நிற்கிறது. ஆனால் சைலன்சர் தயார். இதை வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?

வீரசோழனில் உன் வீட்டுக் கொல்லைத் தகரக் கொட்டகை அப்படியேதான் இருக்கிறது. சவுதியிலிருந்து லீவில் வந்தால், பெட்டியைக்கூடப் பிரிக்காமல் அங்கே போய் எஞ்சினை முடுக்குவாய். விமானத்துக்கென்று நாம் வாங்கிய, பிஸ்டனுக்குப் பதில் முக்கோண இரும்பு சுழலும் பழைய கார் எஞ்சின். கண்மாய்க் கரை வரை கேட்கும். "காது கிழியுது, நிறுத்துங்கடா!" என்று அடுப்படியிலிருந்து அத்தை கத்துவார். உன்னை மாப்ளே என்று கூப்பிட்ட நாளிலிருந்து உன் அம்மா எனக்கு அத்தைதானே.

"அம்மா நிம்மதியா தூங்குற மாதிரி ஒரு சைலன்சர் மாட்டாம பறக்க மாட்டேன் மச்சான்" என்றாய். கிணற்று ஆயில் எஞ்சினிலிருந்து கழற்றிய சைலன்சரை மாட்டினோமே, நினைவிருக்கிறதா? நம் பக்கத்தில் யாராக இருந்தாலும் முதலில் அதைத்தான் மாட்டுவார்கள். இந்த எஞ்சின் கக்கும் சூட்டை அது தாங்குமா? பழுக்கக் காய்ந்து, உள்தகடு ஒடிந்து புகை போகும் வாயை அடைத்து, எஞ்சின் திணறி நின்றது. அடுத்து மெல்லிய எவர்சில்வர் தகட்டில் செய்தோம். அது பற்றவைத்த ஓரமாகவே விரிந்தது.

கடைசியாகப் போனில் வழி சொன்னாய். "தகடு கனமா இருக்கணும். உள்குழாய்க்கு நிக்கல் கலந்தது நான் அனுப்புறேன். ஒரு முனைய மட்டும் பத்த வையி. மறுமுனை சூட்டுல நீள எடம் விடு."

குழாய், அங்கிருந்து லீவில் வந்த பாலவனத்தம் ஊர்க்காரர் ஒருவரின் பெட்டியில் வந்து சேர்ந்தது. நீ வரவில்லை. நெஞ்சுவலி என்றார்கள். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். அத்தை உன் முகத்தைப் பார்க்கவில்லை, நான் ஒரு பிடி மண் போடவில்லை. இது எப்படி மாப்ளே ஆறும்?

நீ சொன்னபடியே அருப்புக்கோட்டையில் கொடுத்துப் பற்றவைத்தேன். நேற்றுச் சாயங்காலம் முழு வேகத்தில் வெகுநேரம் ஓட்டி, ஆறவிட்டுக் கழற்றிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. சத்தமும் டிராக்டர் அளவுக்குத்தான். பெருமையாக அடுப்படிக்குப் போனேன்.

"எஞ்சின ஓட்டலையா மருமகனே? ஏதோ டிராக்டர் சத்தந்தான் கேட்டுச்சு" என்றார் அத்தை.

"ஓட்டிட்டேன் அத்தே. ஒங்க காதுக்காக அவன் சொல்லிக் கொடுத்த சைலன்சரு."

அத்தை அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தச் சத்தம் கேட்டாத்தான் எம்புள்ள வந்துட்டான்னு ஒலையில ரெண்டு புடி அரிசி கூடப் போடுவேன். வைஞ்சுக்கிட்டேதான் போடுவேன். அதையும் அடைச்சுப்புட்டியேப்பா."

கொட்டகைக்குத் திரும்பி, நீ உட்காரும் இடத்தில் உட்கார்ந்து அழுதேன்.

பறக்கும்போது உன் சைலன்சரோடுதான் பறப்பேன். அதற்கு முன், நாளைச் சாயங்காலம், அத்தை உலை வைக்கும் நேரமாகப் பார்த்து, அதைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்குழாயோடு எஞ்சினை முடுக்குகிறேன். அத்தை வாய் நிறைய வையட்டும். நிறுத்தச் சொல்லும்வரை நிறுத்த மாட்டேன்.

உனக்குரிய வசவையும் சேர்த்து வாங்கப்போகிற
உன் மச்சான்,
முருகேசன்