ஈரச்சாக்கு

மே 9, வெள்ளி

எண்ணெய்ப் புதினா பூ எடுத்துவிட்டது. பாளையங்கால்வாய் ஓரத்து வயலெல்லாம் பச்சை. நம் குத்தகைத் துண்டு மட்டும் வெளிறி நிற்கிறது. அறுப்புக்கு முன் தண்ணீரை நிறுத்தினால் அப்படித்தான் நிற்கும். அம்மாவிடம் விளக்கிச் சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. கீரை விற்றே என்னைத் தாவரவியல் படிக்க வைத்தவள். பூத்த புதினாவைக் கண்டாலே முகம் சுளிக்கிறாள். "முத்திப் போச்சேட்டி டார்லின், இதை எவ வாங்குவா?"

மே 12, திங்கள்

உச்சி வெயிலில் அறுத்தோம். தகரக் கொட்டகை நிழலில் மெல்லிசாகப் பரப்பினேன். விடியும்வரை கிடந்து வாடினால்தான் எண்ணெய் நன்றாக இறங்கும். கை முழுக்க வாசனை. கழுவ மனமில்லை.

மே 13, செவ்வாய்

எல்லாம் கெட்டது.

காலையில் நான் போகுமுன் அம்மா ஏற்றுவதற்கு வாகாகக் குவித்து வைத்திருந்தாள்; இலை தளதளவென்று இருந்தது. உள்ளே கையை விட்டால் சூடு. தகரத்துச் சூடு என்று நினைத்து வண்டியில் ஏற்றிவிட்டேன். எண்ணெய் வடிக்கும் ஆலை குற்றாலலிங்கம் அண்ணாச்சியுடையது. வடித்த தண்ணீரின் மேல் மிதந்தது கொஞ்சம்தான்; அதிலும் புளித்த வாடை.

"என்ன பிள்ளே, எண்ணெய் கேட்டா கழனித்தண்ணி தாரே? அடுத்த அறுப்பும் இப்படின்னா என் பானையில ஏத்தமாட்டேன், பாத்துக்கோ."

இந்தப் பக்கம் வேறு ஆலை இல்லை. அவர் ஏற்றாவிட்டால் மறுபடி கீரைதான். அம்மாவுக்கு மறுபடி தலைச்சுமைதான். ராத்திரி அவள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு புரள்வதைப் பார்க்க முடியவில்லை— அதற்காகத்தானே இதை ஆரம்பித்தேன்?

மே 18, ஞாயிறு

ஆராதனை முடிந்து வரும் வழியில் அம்மா தானாகவே சொன்னாள், பெருமையாக.

"நீ பாட்டுக்கு விரிச்சுப் போட்டுட்டு வந்துட்டே. பொழுதுசாய நான் போயி, குமிச்சு, தண்ணி தெளிச்சு, ஈரச்சாக்கு போட்டு மூடலன்னா அம்புட்டும் வாடியில்லா போயிருக்கும்? விடியமுன்ன போயி சாக்கையும் எடுத்து வச்சுட்டேன்லா."

ஈரச்சாக்கு. அதுதான். மூடிய குவியல் உள்ளே வெந்து புளித்திருக்கிறது.

எம்மா, கெடுத்ததே அதுதாம்மா— எப்படிச் சொல்வேன்? அந்தச் சாக்குக்குக் கீழே கீரை வாடாமல் இருந்ததால்தான் எனக்குக் கல்லூரி. தலையாட்டிவைத்தேன்.

ஜூன் 14, சனி

அறுத்த அடியிலிருந்து தளிர் நன்றாக வந்துவிட்டது. அம்மாவிடம் சாக்கைப் பற்றி இன்றும் சொல்லவில்லை.

ஜூலை 21, திங்கள்

சாரல் விட்டு, நாலு நாள் வெயில் காயக் காத்திருந்து அறுத்தோம். சாயங்காலம் அம்மா வந்தாள், கையில் சொட்டச் சொட்டச் சாக்கு.

"எம்மா, போடாத."

"ஏன்?"

"வாடணும்மா. வாடத்தான் விரிச்சிருக்கேன்."

"வாடவா? வாடப்போடவா உன்னைப் படிக்க வச்சேன், ஏட்டி?"

சாக்குத் தண்ணீர் அவள் காலில் சொட்டிக்கொண்டே இருந்தது.

"அப்போ போன தடவை... நான் மூடுனதாலயா?"

நான் குனிந்து இலையைப் பரப்பினேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"முன்னமே சொன்னா என்னட்டி? எனக்கென்ன நோவவா போகுது?"

நொந்தது. குரலில் தெரிந்தது. சாக்கை வெளியே எறிந்தாள். அப்படியே வீட்டுக்குப் போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை, பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து இலையைப் பைய புரட்ட ஆரம்பித்தாள். தொடுமுன் ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். பார்த்துவிட்டு, இன்னொரு தடவை துடைத்தாள்.

ஜூலை 22, செவ்வாய்

தெளிந்த எண்ணெய்! முகர்ந்ததும் அண்ணாச்சிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இதுல்லா எண்ணெய்! போன வாட்டி இதை எங்க ஒளிச்சு வச்சிருந்தே?"

அம்மா முந்திக்கொண்டாள். "அது என் சமையல் அண்ணாச்சி. இதுதான் அவ சமையல்."

ஜூலை 26, சனி

அம்மாவோடு சந்தைக்குப் போனேன். வாங்க வந்த ஒருத்தி சமையல் புதினாக் கட்டைத் தூக்கி, "வாடியிருக்கே?" என்றாள். மற்ற நாளானால் அம்மா சண்டைக்கே போயிருப்பாள்.

"வாடலா? அங்கன வச்சிருங்க. வாடலுக்கு எங்க வீட்டுல ஆளு இருக்கு" என்று அம்மா என்னைக் கைகாட்டினாள்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கம். தலையைக் குனிந்துகொண்டு, மிச்சக் கட்டுகளுக்குத் தண்ணீர் தெளித்து, ஈரச்சாக்கை இழுத்து மூடினேன்.