திறப்பு ஓட்டையின் மூடி

மச்சான்,

சென்ற சனிக்கிழமை, ரோசாச் செடி வைக்கத் தோண்டியபோது கிடைத்தது என்று, பக்கத்து வீட்டுப் பெண்மணி இதய வடிவிலான ஒரு பித்தளைத் துண்டை வேலிக்கு மேலாக நீட்டினார். புரட்டிக்கூடப் பார்க்காமல், "பழைய பூட்டின் மூடி" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது, அது நீ சொல்லித் தெரிந்தது என்று. நீ எங்களை விட்டுப் போய் ஒரு வருடமாகிறது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் ஒரே அறையில் இருந்தோம். குரோய்டன் குடிவரவு அலுவலகத்திலிருந்து வரவேண்டிய விசாக் கடிதம் இருவருக்குமே வரவில்லை. நான் பேக்கரியில், நீ பூட்டுகளுக்குத் திறப்பு, அதுதான் சாவி, வெட்டும் கடையில். யாரோ கழித்துவிட்ட உலோகம் தேடும் கருவியை நீ திருத்தி எடுத்தாய். நகருக்கு வெளியே ஒரு கமக்காரர், ஞாயிறுகளில் தன் வயலில் தேட அனுமதித்தார்.

முதல் 'பீப்' சத்தத்துக்கே நான் பின்னால் பாய்ந்துவிட்டேன். ஊரில் மிதிவெடிக்குப் பயந்து நடந்த கால்கள். நீ சிரிக்கவில்லை. "இஞ்ச ஒண்டும் வெடியாது, வா" என்று முழங்காலில் நின்று கையாலேயே மண்ணைக் கிளறினாய்.

மூன்றாம் ஞாயிறு நான் எடுத்த பித்தளை இதயத்தைப் பார்த்துத் துள்ளினேன். "மச்சான், இது ராசா காலத்துப் பதக்கம்!"

நீ கழுவிப் பார்த்தாய். "பதக்கமெண்டால் மேல்துளை ஏன் ஒரு பக்கமாத் தேய்ஞ்சிருக்கு? இது ஆணியில தொங்கி ஆடினது. பூட்டுக்குள்ள தண்ணி போகாமல் திறப்பு ஓட்டையை மூடுறது."

நான் கேட்கவில்லை. புதையல் கிடைத்தது, இனிக் கவலையில்லை என்று அன்றே அம்மாவுக்கு ஊருக்கு எழுதிப் போட்டேன்.

அடுத்த ஞாயிறு அதே இடத்தில் நீ ஒரு துருக்கட்டியைத் தோண்டினாய். அறைக்குக் கொண்டுவந்து பழைய பல்துலக்கியால் தேய்க்கத் தேய்க்க, திறப்பு ஓட்டையும் அதன் மேலே ஒடிந்த ஆணியும் தெரிந்தன. மூடியை அதில் மாட்டினாய். ஓட்டையை மறைத்து அப்படியே தொங்கியது. 'நான் அப்பவே சொன்னனான்' என்று நீ சொல்லவில்லை. தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டாய்.

"அம்மாவுக்கு என்னெண்டு எழுதுறது?" என்றேன்.

"உள்ளதை எழுது. பூட்டெண்டு எழுது. ரெண்டு விசரன்கள் ஞாயிறு ஞாயிறா வயல் கிண்டுறாங்கள் எண்டும் எழுது."

அப்படியே எழுதினேன். பதில் வர மூன்று மாதம் ஆனது. நீ கேட்டபோது, "எல்லாரும் சுகமாம்" என்று மட்டும் சொல்லிக் கடிதத்தை மடித்துவிட்டேன். வாசித்தால் அழுதுவிடுவேன் என்று வெட்கம். பிறகு உனக்கும் எனக்கும் விசா வந்தது, கலியாணம், பிள்ளைகள். வாசித்துக் காட்டாமலே காலம் போய்விட்டது.

அம்மாவும் இல்லை. அந்தக் கடிதத்தில் ஓர் இடம் மட்டும் எனக்கு மனப்பாடம். உனக்கும் சேர்த்துத்தான் எழுதியிருந்தா:

"பூட்டெண்டாலும் பரவாயில்லை ராசா. உன்னைத் தனிய விடாமல் ஒரு பிள்ளை கூட வருது எண்டு எழுதியிருக்கிறாய். இப்பதான் எனக்கு நித்திரை வருது."