வியாழக்கிழமை ரேடியோ நாடகம்

சுங்கை லாலாங் தோட்டம், மலாயா
14-3-1952

அன்புள்ள அம்சவள்ளிக்கு அநேக ஆசிகள். இதில் எழுத நினைப்பவை:
1. என் உடல்நலம்.
2. இங்கே எல்லாரும் விரும்பிக் கேட்கும் நாடகம்.
3. நீ இங்கே வர வேண்டாம் என்பதற்கான காரணம்.

1. சுகமாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி குறைந்ததா?

2. காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் பயந்து போட்ட ஊரடங்கினால் மாலையில் எல்லாரும் முள்கம்பி வேலிக்குள்தான். வியாழன்தோறும் தோட்டத்து ரேடியோவைச் சுற்றிக் கூட்டம் கூடிவிடும். நேற்று நாடகத்தில், மனைவி கப்பலேறி வந்து கணவன் வீட்டுக் கதவைத் தட்டினாள். அந்நேரம் பாட்டரி தீர்ந்துவிட்டது.

"கிராணி ஐயா, படிச்சவங்க நீங்க, மிச்சத்தைச் சொல்லுங்க லா!" என்று கணக்கெழுதும் என்னைக் கேட்டாள் ரப்பர் பால்வெட்டும் காத்தாயி.

"அவரு வாயைத் திறக்கவே ரெண்டு வாரம் ஆவும்," என்றான் ராக்கப்பன். எல்லாரும் சிரித்தார்கள்.

இருந்தும் சொன்னேன்: "கணவன் கதவைத் திறந்து, பெட்டியை வாங்கிக்கொண்டு, சாப்பிட்டாயா என்று கேட்டான்."

"அவ்வளவுதானா? ஒரு அழுகைகூட இல்லையா?" என்றான் ராக்கப்பன்.

"சும்மா இரு அண்ணே," என்ற காத்தாயி என் பக்கம் திரும்பினாள். "ஊர்ல இருக்குற உங்க வீட்டம்மாவைக் கூப்பிட்டுக்குங்க ஐயா. ரேடியோகிட்ட எம்பக்கத்துல உட்காரட்டும்."

3. இங்கே அரிசிகூட அளந்துதான் கிடைக்கிறது. சாலையில் அடிக்கடி சோதனை. அதைவிட, கிராணி வீட்டோடு யாரும் பழகமாட்டார்கள். உனக்குப் பேச்சுத்துணை இருக்காது.

எழுதியதைப் படித்துப் பார்த்தேன். மூன்றாவது தவறு. வேறு தாளில் திருத்தி எழுத நேரமில்லை, தபால் லாரி நிற்கிறது. வரும்போது கொஞ்சம் சுண்டைக்காய் வற்றல் கொண்டு வா.

தாண்டவராயன்