தலைக்கு டை அடிச்சதால இல்ல

நவம்பர் 3, திங்கள்

விடியக்காலையிலேர்ந்து தூறல். ஆஸ்பத்திரி நாள். ஆறாம் மாசம்.

பொன்னேரி பஸ்ஸுல நெரிசல். திருப்பாலைவனம் தாண்டித்தான் உக்கார இடம். அதுவும் ஒரு காலேஜ் பொண்ணு எழுந்து, "பாட்டி, நீங்க உக்காருங்க"ன்னுச்சு. பாட்டி! மழைக்குப் புடவையை இழுத்துப் போத்தியிருந்தேன், வயிறு தெரியலை. தலையை மட்டும் பாத்திருக்கு.

ஆஸ்பத்திரியில அதுக்கு மேல. சீட்டு எழுதுற இடத்துல, "பேஷண்ட் எங்கம்மா? பொண்ணை வரச் சொல்லு." "நாந்தாங்க பேஷண்ட்." வரிசையில பின்னாடி யாரோ சிரிச்சாங்க.

முப்பத்தெட்டு வயசு. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல முதல் தடவை. நரை முப்பதுலயே வந்துடுச்சு, அம்மா வழி. இவ்ளோ நாளா அதைப் பத்தி யோசிச்சதே இல்லை.

பிரஷர் சரி. எடை கொஞ்சம் ஏறியிருக்கு. குழந்தையோட நெஞ்சுத்துடிப்பு கேக்க வச்சாங்க. தூரத்துல போட் வர்ற மாதிரி சத்தம். இன்னும் கொஞ்ச நேரம் வச்சா நல்லா இருக்கும்னு தோணுச்சு, வெளிய கூட்டம்.

கதவு வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போய்க் கேட்டேன். "மேடம், தலைக்கு டை அடிக்கலாமா?" டாக்டரம்மா சிரிக்கலை. சொன்னது:
– முதல் மூணு மாசம் வேணாம்னு சொல்றது ஒரு ஜாக்கிரதைக்குத்தான். அது தாண்டிடுச்சு.
– தலைத்தோல் வழியா உள்ள போறது ரொம்ப ரொம்ப கொஞ்சம். குழந்தையைக் கெடுக்கும்னு யாரும் காட்டினதில்லை.
– முந்தின நாளே காதுக்குப் பின்னால தடவிப் பாக்கணும். அரிச்சா வேணாம்.
– காத்தோட்டமா உக்காரணும். கைக்கு உறை. ரொம்ப நேரம் ஊறக்கூடாது. தலையில புண் இருந்தா கூடாது.
– கறுப்பு மருதாணின்னு விக்கிறதை வாங்காதே. என்ன கலந்திருக்குன்னு தெரியாது.

"ஆசையா இருந்தா அடிச்சுக்கோ. பயந்து பயந்து இருக்காதே"ன்னாங்க.

நவம்பர் 6, வியாழன்

வாங்க: கறுப்பு நூல், பாபின், ஊக்கு, இரும்பு மாத்திரை (தீரப்போவுது).

அவரு நண்டை ஏவாரிகிட்ட போடப் போனவரு பொன்னேரி வரைக்கும் போய் டை வாங்கி வந்திருக்காரு. சொல்லவேயில்லை, பையிலேர்ந்து எடுத்து தையல் மெஷின் மேல வச்சாரு. நல்ல கம்பெனி டப்பா. கடைக்காரன் மருதாணிப் பொட்டலத்தைத் தள்ளினானாம், "டாக்டரு வேணாம்னுட்டாங்க"ன்னு இவரு சண்டை போட்டாராம். எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு.

அத்தைக்குப் பிடிக்கலை. "வயித்துல புள்ளய வச்சிகினு தலைக்கு இன்னாத்துக்குமே சாயம்? யாருக்குக் காட்டணும்?"

"டாக்டரே சொல்லிச்சும்மா, உடு"ன்னாரு.

"நானும்தான் பெத்தேன்"னு முணுமுணுத்துகினே போயிட்டாங்க.

நவம்பர் 8, சனி

காதுக்குப் பின்னால தடவிட்டேன். இதுவரைக்கும் அரிப்பு இல்லை. ரெண்டு ப்ளவுஸ் முடிச்சேன். உள்ள ஒரே ஆட்டம், மெஷின் ஓடுற சத்தம் பிடிக்குது போல.

நவம்பர் 9, ஞாயிறு

வெயில். வாடைக்காத்து கொஞ்சம்.

கொல்லையில வலை காயப்போட்ட பக்கமா ஸ்டூல் போட்டு உக்காந்தேன். கலைதான் அடிச்சு விட்டா. நாத்தனார்னாலும் எனக்குப் பொண்ணு மாதிரி. நான் இந்த வீட்டுக்கு வரும்போது ரெட்டைச்சடை போட்டுகினு இருந்தவ, இப்ப கம்மார்பேட்டை பக்கம் கம்பெனி வேன்ல வேலைக்குப் போறா. இன்னிக்கு லீவு. டப்பாவுல இருந்த உறை அவ கைக்குத் தொளதொளன்னு. ஒண்ணு கிழிஞ்சே போச்சு.

"அண்ணி, ஆடாத. காதுல பூசிடுவேன்."

"நான் ஆடல, உள்ள ஆடுது."

"அதுக்கும் கொஞ்சம் அடிச்சு உடட்டா?"

ரெண்டு பேரும் சிரிச்சு சிரிச்சு, எனக்கு மூச்சு வாங்கிடுச்சு. அரைமணிக்குள்ள அலசிட்டா. 

அவரு ஏரியிலேர்ந்து வந்தாரு. வாசல்லயே நின்னு, "யாரும்மா நீ? என் பொண்டாட்டி எங்க?" அத்தை கூட வாயை மூடிகினு சிரிச்சாங்க, நான் பாத்தேன். கலை போன்ல ஒரு போட்டோ எடுத்தா. அதுல நான் நல்லா இருக்கேன்.

நவம்பர் 21, வெள்ளி

மூணு நாளா விடாத மழை. அவரு ஏரிக்குப் போகலை. கரண்ட் இல்லை. கால் வீக்கம் லேசா. பூநாரை வந்துடுச்சாம், அக்கரையில நிக்குதாம். சீமந்தத்துக்கு அடுத்த மாசம் பாக்கலாம்னு அத்தையே பேச்சை எடுத்தாங்க.

நவம்பர் 27, வியாழன்

காலையிலேர்ந்து அசைவு இல்லை.

சக்கரைத் தண்ணி குடிச்சேன். இடதுபக்கமா படுத்தேன். மெஷினை ஓட்டிப் பாத்தேன், சும்மா, துணி இல்லாம. 

அத்தை, "தூங்குதுமே. மழைக்கு நாமளே தூங்கறோம்."

அவரு ஆட்டோ கூட்டி வரப் போயிருக்காரு.

டிசம்பர் 6, சனி

வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் ஆச்சு. இன்னிக்குத்தான் பேனா எடுக்க முடிஞ்சுது.

பொண்ணு.

துடிப்பு இல்லைன்னு சொன்னதுக்கு அப்புறமும் பெத்துத்தான் ஆவணும்னாங்க. பெத்தேன். எல்லா வலியும் அதே வலிதான். அழுகைச் சத்தம் மட்டும் இல்லை. பக்கத்துக் கட்டில்ல கேட்டுச்சு.

டாக்டரம்மா தொப்புள்கொடியைக் கையில எடுத்துப் பாத்துட்டு, "கொடியில முடிச்சும்மா. இறுகிப் போச்சு"ன்னாங்க. எனக்குப் பாதி மயக்கம். அந்த ஒண்ணுதான் ஞாபகம்.

துணியில சுத்திக் குடுத்தாங்க, கொஞ்ச நேரம். தலை நிறைய முடி. கறுப்பு.

அவரும் அவங்க சித்தப்பாவும் எடுத்துகினு போனாங்க. எங்கன்னு நான் கேக்கலை. அவரும் சொல்லலை.

பால் கட்டிகினு வலி. சிஸ்டர் சொன்னபடி இறுக்கிக் கட்டியிருக்கேன். யாருக்குன்னு வருது அது.

டிசம்பர் 9, செவ்வாய்

துக்கம் கேக்க வர்றாங்க. நான் உள்ள படுத்திருக்கேன், தூங்கறேன்னு நினைச்சிகினு வெளிய பேசறாங்க.

"டை அடிச்சிகினாளாமே?"

"தலையில வச்சா அப்படியே கீழ எறங்கும்ல. விஷம் தான அது."

"இந்த வயசுல இன்னா அழகு வேண்டிக் கெடக்குது."

அத்தை குரல்: "நான் தலபாடா அடிச்சிகினேன். கேட்டாதான?"

முடிச்சுன்னு டாக்டர் சொன்னதை நான் அத்தைகிட்ட சொன்னேன். "முடிச்சு எப்படிமே தானா உழும்? எதுனா ஒண்ணு பண்ணாதான உழும்"ன்னாங்க.

கஞ்சி. மாத்திரை. மறுபடி படுக்கை.

டிசம்பர் 11, வியாழன்

நானே யோசிச்சுகினு இருக்கேன். அரைமணிதானா? கூட ஆயிடுச்சோ? அன்னிக்கு ரொம்ப சிரிச்சோம். மூச்சு வாங்கிச்சே, அப்பவேவா? ஆனா அதுக்கப்புறம் எத்தனை நாள் உதைச்சுது. தெரியும். தெரிஞ்சும் மறுபடி முதல்லேர்ந்து யோசனை.

கண்ணாடியைத் திருப்பி வச்சிட்டேன்.

டிசம்பர் 12, வெள்ளி

கலை இந்தப் பக்கமே வர்றதில்லை. வேலைக்கும் போகலையாம். 

மத்தியானம் கொல்லைக்குப் போனேன். குழாயடியில உக்காந்து தேங்கா நாரால கையைத் தேச்சுகினு இருக்கா. உறை கிழிஞ்ச கை. கறை போய் எத்தனையோ நாளாச்சு. தோல் உரிஞ்சு ரத்தம் கசியுது, நிறுத்தலை.

"இன்னாடி பண்ற?"

"ஒன்னியும் இல்ல அண்ணி."

கையைப் பிடிச்சு இழுத்தேன். அப்பதான் சொன்னா. அத்தை சொல்லியிருக்காங்க அவகிட்ட: அந்தக் கையால எனக்குச் சோறு போடாதே. பெத்த பொண்ணுகிட்ட.

"நாந்தான கொழச்சிப் பூசுனேன் அண்ணி. நான் மாட்டேன்னு சொல்லிருந்தா?"

என் மடியில விழுந்து அழுதா. எனக்கு அழுகை வரலை. கோவம்தான் வந்துச்சு. இத்தனை நாள்ல முதல் தடவையா எழுந்து நிக்கணும்னு தோணுச்சு. கைக்கு மஞ்சள் வச்சுக் கட்டி விட்டேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

அவரு ராத்திரில படகுலயே படுத்துக்கறாரு. என்னைப் பாக்கறதில்லை. நான்தான் காரணம்னு நினைக்கிறாருன்னு இருந்தேன்.

இன்னிக்கு வலைக்கு ஈயக்குண்டு கட்டிகினு இருந்தவரு முன்னால போய் உக்காந்தேன். "என் மேல கோவமா?"

"உன் மேல இன்னா கோவம்? நாந்தான வாங்கியாந்தேன்." தலை நிமிரலை. "கடையில நின்னு சண்ட போட்டு வாங்கியாந்தேன்."

"டாக்டரு முடிச்சுன்னாங்க."

"உன் மனசுக்காக சொல்லிருப்பாங்க."

ஒரு டை டப்பாவை நாலு பேர் ஆளுக்கு ஒரு பக்கமா தூக்கிகினு திரியறோம். புதன்கிழமை காட்ட வரச் சொல்லியிருக்காங்க. எல்லாரையும் கூட்டிகினு போவேன். அத்தை வரமாட்டேன்னா கையைப் பிடிச்சு இழுத்துகினு போவேன்.

டிசம்பர் 17, புதன்

பனி. காலையில ஏரி தெரியலை.

அத்தை தகராறு பண்ணாம கிளம்பினாங்க, ஆச்சரியம். கலை கைக்கட்டை முந்தானையில மறைச்சுகினு. அவரு வீட்டு வாசல் வரைக்கும் வந்து நின்னுட்டாரு. "நீ கேட்டுகினு வந்து சொல்லு." அதுக்கு மேல அவரால முடியலை. விட்டுட்டேன்.

டாக்டரம்மா என்னைப் பாத்து முடிச்சாங்க. புண் ஆறியிருக்கு, ரத்தம் கம்மி. அப்புறம் நான் சொன்னேன்: "மேடம், அன்னிக்கு எங்கிட்ட சொன்னதை இவங்க ரெண்டு பேருகிட்டயும் ஒருதரம் சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க. நானே நம்பலை."

பேனாவைக் கீழ வச்சாங்க. மேசையில கிடந்த பிரஷர் மிஷின் குழாயை எடுத்து ஒரு சுத்து சுத்தி முடிச்சுப் போட்டுக் காட்டினாங்க. "குழந்தை சின்னதா இருக்கறப்ப உள்ள நல்லா நீந்தும், புரளும். அப்ப சில சமயம் கொடி இப்படி விழுந்துடும். நிறைய பேருக்கு இறுகவே இறுகாது, குழந்தை நல்லபடியா பொறந்துடும். இவங்களுக்கு இறுகிடுச்சு. நான் கண்ணால பாத்தேன். அம்மா சாப்பிட்டதாலயோ, நடந்ததாலயோ, தலைக்கு டை அடிச்சதாலயோ முடிச்சு விழாது. அடிச்சுக்கோன்னு சொன்னதும் நாந்தான். இப்ப கேட்டாலும் அதையேதான் சொல்வேன்."

கலை, "என் உறை கிழிஞ்சிருந்துச்சு மேடம்."

"கிழிஞ்சா உன் கை கறுப்பாகும். அவ்ளோதான்." கட்டைப் பிரிச்சுப் பாத்தாங்க. யாரையும் ஒண்ணும் கேக்கலை, சிஸ்டரைக் கூப்பிட்டு மருந்து போடச் சொன்னாங்க. கலை தேம்பித் தேம்பி அழுதுகிட்டே சிஸ்டர் பின்னாடி போனா.

நான் எழுந்துட்டேன். அத்தை எழுந்துக்கலை. 

"எனக்கு ஒண்ணு கேக்கணும் டாக்டரம்மா."

"கேளுங்கம்மா."

"எனக்கு ஒண்ணு போச்சு. இவ புருஷன் பொறக்கறதுக்கு முன்னால. ஏழாம் மாசம். ஏரில எறங்கி கையால எறா தடவிப் புடிச்சிகினு இருந்தேன், கழுத்தளவு தண்ணில. ஊட்ல சோறு இல்ல, எறங்காம முடியாது. குளுந்த தண்ணில எறங்கி நீயே கொன்னுட்டன்னாங்க. என் மாமியாரு சொன்னாங்க. எங்க நைனாவும் சொன்னாரு." மேசையில கிடந்த குழாய் முடிச்சை அவுத்தாங்க. "அதனாலதானா?"

இத்தனை வருஷம் ஒரே வீட்டுல இருக்கேன். இது எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரிஞ்சிருக்காது.

டாக்டரம்மா நாற்காலியை இழுத்துகினு அத்தை பக்கத்துல வந்தாங்க. "அப்ப நான் பாக்கலைம்மா. எதனாலன்னு இப்ப என்னால சொல்ல முடியாது. ஆனா எறா தடவறதுக்குத் தண்ணில எறங்கினதால அது போயிருக்காது. நீங்க கொல்லலை."

அத்தை தலையை ஆட்டினாங்க. ஆட்டிகிட்டே இருந்தாங்க.

திரும்பி வர்ற பஸ்ஸுல நான் நடுவுல. கலை ஜன்னலோரம், தூங்கிப் போயிட்டா. மருந்து வச்ச கை மடியில. அத்தை கொஞ்ச நேரம் அந்தக் கையையே பாத்துகினு வந்தாங்க. அப்புறம் என்னைத் தாண்டிக் கையை நீட்டி, அவ முந்தானையை இழுத்து அந்தக் கை மேல மூடி விட்டாங்க. 

திருப்பாலைவனத்துல நிறைய பேர் இறங்கினாங்க.

"பையன்"னாங்க அத்தை. "என்னுது. பேரு வைக்க உடல."

அத்தை பக்கமா திரும்பினேன்.

"உன்னுதுக்கு இன்னா பேரு நெனச்சிகினு இருந்தே?"

அவருகிட்ட கூட சொன்னதில்லை. சொன்னேன். பஸ் நிக்கிற வரைக்கும் அதை வாய்க்குள்ளயே திரும்பத் திரும்பச் சொல்லிப் பாத்துகினு வந்தாங்க.