பேத்தியின் கையில் ஒரு திறப்புக்கோர்வை

என் செல்லத் தங்கச்சி இராசமணிக்கு,

உன் அண்ணைக்கு எழுத வருகிறது. நம்புவாயா? பல்லெல்லாம் விழுந்த பிறகு எங்கள் சனசமூக நிலையத்தில் எழுத்துப் பழகினேன். ஒரு வரி முடிப்பதற்குள் தேத்தண்ணி ஆறிவிடுகிறது. முடித்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்துச் சிரிக்கிறேன்.

நீ காணாத என் பேத்தி துளசிக்கும் உன் வருத்தந்தான். வலிப்பு. உனக்குத் தனிக் கோப்பை, தனிப் பாய் வைத்தார்கள். நுரை பட்டால் ஒட்டிவிடும் என்று பயம். துளசி நாள்தோறும் மருந்துக் குளிசை எடுக்கிறாள், வேலைக்குப் போகிறாள். தெல்லிப்பழை ஆசுபத்திரியில் அவளோடு காத்திருந்தபோதுதான் முதன்முதலாக ஒரு முழு வசனம் வாசித்தேன். சுவரில் இருந்தது: வலிப்பு தொற்றாது.

போன ஞாயிறு புத்தூரிலிருந்து அவளைப் பொம்பிளை பார்க்க வந்தார்கள். வந்தவர்கள் கண்ணில் படக்கூடாதென்று அவள் தாய், என் மருமகள், முதல்நாளே குளிசைகளை ஒளித்துவிட்டாள். பிள்ளை அன்று குளிசை எடுக்கவில்லை. பலகாரத் தட்டோடு வந்தவள் விறாந்தையில் விழுந்தாள்.

மாப்பிள்ளையின் தாய் இரும்பு, இரும்பு என்றபடி தன் இடுப்பில் செருகியிருந்த திறப்புக்கோர்வையை, வீட்டுச் சாவிக்கொத்தை, அவள் கைக்குள் திணித்தார். இன்னொருவர் கரண்டியோடு வந்தார்.

"வாயுக்குள்ளை ஒண்டும் வைக்காதேங்கோ" என்று தடுத்தேன். தலைக்குக் கீழே என் சால்வையை வைத்து, அவளைச் சரித்துப் படுக்கவைத்தேன். பிறகு எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். உனக்கு வரும்போது அம்மா எப்படித் தாங்கினா?

இழுப்பு அடங்கிக் கண் தெளிந்ததும் துளசி கையை விரித்துப் பார்த்தாள்.

"வீட்டுத் திறப்பை இப்பவே தந்திட்டியளோ, மாமி?"

மாப்பிள்ளை சிரித்துவிட்டான். தாய் சிரிக்கவில்லை. கோர்வையை வாங்கி, சேலைத் தலைப்பால் துடைத்து, இடுப்பில் செருகிக்கொண்டார். துடைத்ததைத் துளசி பார்த்தாள்.

நேற்றுப் பின்னேரம் அந்தத் தாய் தொலைபேசி எடுத்தார். சம்மதமாம். ஆனால் விழுந்தது வெறும் தலைச்சுற்று என்றுதான் ஊருக்குச் சொல்ல வேண்டுமாம். மருமகள் அழுதுகொண்டே ஓம் சொல்லப் போனாள். துளசி தொலைபேசியை வாங்கினாள்.

"மாமி, எனக்கு வலிப்புத்தான். அதைச் சொல்லிக் கூப்பிட்டால் வாறன். ஒளிச்சு வைக்கிறதெண்டால் வரமாட்டன்."

அந்தத் தாய் தொலைபேசியை வைத்துவிட்டார். இன்னும் பதில் வரவில்லை. வீட்டில் ஒருவரோடு ஒருவர் கதைப்பதில்லை. அவளுக்கு நீங்களாவது புத்தி சொல்லுங்கோ என்று மகன் என்னிடம் கெஞ்சுகிறான். நான் என்ன சொல்ல, தங்கச்சி? நீயென்றால் என்ன சொல்லியிருப்பாய்?

நீ செத்தபோதும் காய்ச்சல் என்றுதான் ஊருக்குச் சொன்னார்கள்.

இனி யார் கேட்டாலும் உன் வருத்தத்தின் பெயரைச் சொல்வேன். என்ன பதில் வந்தாலும் துளசி பக்கம் நிற்பேன். இந்தக் கடிதத்தைச் சனசமூக நிலையத்துப் பலகையில் எல்லோரும் வாசிக்க ஒட்டட்டுமா என்று அவளிடம் கேட்டேன்.

"ஒட்டுங்கோ அப்பப்பா. எழுத்துப்பிழையை மட்டும் திருத்திப்போட்டு ஒட்டுங்கோ" என்றாள்.

திருத்திவிட்டேன். நாளை காலை ஒட்டுவேன்.

இப்படிக்கு,
வலிப்பு வந்த இராசமணியின் அண்ணை,
செல்லத்துரை